பூவரசுக்கு அந்தப் பக்கம்

சுண்ணாம்புக் கோடு பூவரச மரத்துக்கு மேற்கே விழுந்திருந்தது. காலையில் வந்த இரண்டு பேர், அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாவிலிருந்து சுண்ணாம்பை வழியவிட்டபடி குப்பத்தின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை நடந்து போயிருந்தார்கள். கோட்டுக்கு மேற்கே இருப்பது சனங்களுக்கு. கிழக்கே, கடல் வரை இருப்பது கல்லுக்கு. அலை இனி உள்ளே வராமலிருக்க அங்கே பாறாங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பப் போகிறார்கள். காலடிப்பேட்டையில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய மதி, காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி கோட்டருகே நின்றுவிட்டாள். மரத்தைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு கால் கட்டைவிரலால் கோட்டை அழிப்பதுபோல் தேய்த்தாள். ஈர மணலில் ஊறிவிட்ட சுண்ணாம்பு கொஞ்சம் பரவியதே தவிர அழியவில்லை.

படகருகே உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ஜெகதீசன் இதைப் பார்த்தான். பார்த்தும் எழுந்து போகவில்லை. மனைவி என்ன நினைக்கிறாள் என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுகிற அளவுக்கு அவளோடு வாழ்ந்துவிட்டான். அந்த முதுகு இப்போது ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அது என்ன முடிவென்று தெரிந்ததால்தான் ஊசி விரலில் குத்தியது.

மத்தியானம் சோறு போட்டாள். குழம்பில் கிடந்த மீன் தலையை அவள் அவன் தட்டில் வைப்பதும், அவன் அதை எடுத்து அவள் தட்டுக்கு மாற்றுவதும் கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் செல்லச் சண்டை. பத்தாவது படிக்கும் மகள் சௌமியா, "ரெண்டு பேரும் அத வுட்டுட்டு ஆளுக்கொரு தலைய வாங்குங்க" என்று கேலி செய்வாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஜெகதீசன் இன்று தலையை மாற்றி வைக்க மறந்து, அதைத் தின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கு லாரி வருதாம். பூவம்மா அத்த சொல்லிச்சி."

"ம்."

"அதுக்குள்ள புள்ளய எடுத்துரலாம்யா."

அவன் கை தட்டிலேயே நின்றது.

"எடுத்து?"

"மூலக்கொத்தளம் சொடுகாட்ல வெக்கலாம். அங்க கடலு வராது."

"இத்தினி வருஷம் கயிச்சி இன்னா மதி இருக்கப்போவுது? மண்ணோட மண்ணாயிருக்கும்."

"மண்ணாயிருந்தா மண்ண எடுத்துகினு வரேன்." அவள் குரல் உயரவில்லை. "பாயில ஒரு சோத்துப் பருக்க கெடந்தாலே அயுவான் அவன். அவன் மேல லாரி லாரியா கல்லக் கொட்டுவானுங்களா?"

அவன் தண்ணீர் குடிப்பதுபோல் எழுந்து போனான்.

மூத்தவன் லோகேஷ். லோகு. முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போனான். பிறந்த நாளிலிருந்தே அவனுக்கு இளைப்பு. காற்று வடக்கிலிருந்து வீசி எண்ணூர்ப் பக்கத்துப் புகையைக் கொண்டுவரும் நாட்களில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருப்பதுபோல் கத்தும். ஆஸ்பத்திரியில் டாக்டர், வீடு எங்கே என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை.

பல் முளைத்து முடியாத பிள்ளையைக் குப்பத்தில் எரிக்க மாட்டார்கள். பாடை கிடையாது, பறை கிடையாது. துண்டில் சுற்றிய பிள்ளையைப் பெற்றவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடற்கரை மேட்டுக்குப் போவான். மண்வெட்டியோடு ஒருவர், துணைக்கு ஒருவர், அவ்வளவுதான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். மேட்டில் கல் நடுவதில்லை, பால் ஊற்றுவதில்லை, திவசம் இல்லை. எந்த இடம் என்று பெற்றவள் கேட்கவும் கூடாது. கேட்டால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். மதி கேட்கவில்லை. சௌமியா பிறக்கும் வரைக்கும் அந்தப் பயத்தில் கேட்கவில்லை. பிறந்த பிறகு, இவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கேட்கவில்லை. மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டியிருந்தால் முந்தானையால் கண்ணைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொள்வாள்.

வர்தா புயல் ஓய்ந்த மறுநாள்தான் கேட்டாள். அன்று விடிந்தபோது மேடு இல்லை. வலைக் கூடம் இல்லை. வரிசையாகக் குப்புறக் கிடந்த படகுகள் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் கடல் இருந்தது. புயல் ஒரே ராத்திரியில் செய்ததல்ல அது. கடற்கரை மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆடிக் காற்றில் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நடந்து வரும். வாடைக் காற்றில் கொஞ்சம் திரும்பிப் போகும். நடந்து வந்த வழியில் துறைமுகத்துச் சுவர் குறுக்கே நின்றுவிட்டது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து சேர்ந்து, கடலைத் தொடவே கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது. இங்கே போகிற மணல் போகிறது, வருகிற மணல் வருவதில்லை. ஜெகதீசன் சின்ன வயதில் பம்பரம் விட்ட இடத்தில் இப்போது நங்கூரம் போடுகிறான். புயல் மிச்சத்தை எடுத்துக்கொண்டது.

தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மதி கேட்டாள். "யோவ், புள்ளய எங்க வெச்ச?"

அவன் கடலைப் பார்த்தான். பிறகு, கிளை முறிந்து, வேர் பாதி வெளியே தெரிய, கரையின் கடைசி விளிம்பில் நின்ற பூவரசைப் பார்த்தான்.

"தோ, அந்த மரத்தாண்ட."

அவள் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து அழுதாள். அவன் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதுபோல் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலு நாள் போகட்டும், நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று அவன் நினைத்தான். நாலு நாளில் அவள் மரத்தடியில் விளக்கு ஏற்றியிருந்தாள். மேடே போய்விட்டதால் யாரும் வழக்கத்தைச் சொல்லி அவளைத் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு செம்பு நல்ல தண்ணீர், இரண்டு பிஸ்கட். தண்ணீர் லாரிக்காகச் சண்டை போட்டுப் பிடித்த குடத்திலிருந்து எடுத்த தண்ணீர். பிஸ்கட்டை நாய் தின்னும். அவள் நாயை விரட்ட மாட்டாள்.

கப்பல் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் வந்த வருஷம் இன்னும் மோசம். கரை முழுக்கக் கறுப்பாக, தார் போலப் படிந்து, ஆமை செத்து ஒதுங்கி, ஊரே பக்கெட்டில் அள்ளிக்கொண்டிருந்தது. அலை தூக்கி எறிந்ததில் மரத்தடியிலும் அடை அடையாகக் கிடந்தது. மதி தேங்காய்ச் சிரட்டையால் அதைச் சுரண்டினாள். சிரட்டை எட்டாத வேர் இடுக்குகளில் விரலால் வழித்தாள். அவள் கை கொப்பளித்து, தோல் உரிந்து, மீன் தொட முடியாமல் வீட்டில் இருந்தாள். சுரண்டி முடித்த அன்றே அவன் சொல்ல வாயெடுத்தான். எதிரில் அவள் நிம்மதியாக, "இப்போ சுத்தமாகீது, பாரேன்" என்றாள். அவன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் கரையில் பொக்லைன் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ராயபுரத்துக் கஸ்பார். தெற்கே, அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவு போட்ட காலத்திலிருந்து பழக்கம். கல் வேலை நடக்கும்போதெல்லாம் ஜெகதீசன் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிகினு கீது? கல்லு வர்றது புடிக்கலியா?" டீயை நீட்டினான் கஸ்பார்.

"எங்கருந்து வருது இந்தத் தபா?"

"செங்கல்பட்டு தாண்டி. போன வாட்டி போனப்போ மலையா இருந்திச்சி. இப்போ போனா பள்ளமா கீது, உள்ள தண்ணி நிக்கிது, பசங்க நீச்சலடிக்கிறானுங்க. அங்க மலைய பள்ளமாக்கி, இங்க பள்ளத்த மலையாக்கறோம். கொஞ்ச வருஷத்துல கடலு கல்லையும் முயுங்கிரும். அப்பால மறுபடி கஸ்பாரு வருவான். சாவற வரைக்கும் நமக்கு வேல கீது." சிரித்தான். ஜெகதீசன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "இன்னா விஷயம்?"

ஜெகதீசன் சொன்னான். யாரிடமும் சொல்லாததை, டீ ஆறி ஏடு கட்டும் வரை சொன்னான். கஸ்பார் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்போ மரத்தாண்ட ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"இல்லாத எடத்த இன்னாத்துக்கு தோண்டற?"

"தோண்டிக் காட்றேன். ஒண்ணும் இல்லன்னா கரைஞ்சிட்ச்சின்னு வுட்டுருவா. கொஞ்சம் மண்ண அள்ளிக் குடுத்தா அத்த எடுத்துகினு போயி பொதச்சிட்டு நிம்மதியா இருப்பா."

கஸ்பார் தரையில் எதையோ கிறுக்கினான். "எங்க ஆளுங்களுக்கு கல்லறையில பேர எயுதி சிலுவ நட்டுருவானுங்க. பொய் சொல்றதுக்கு வயியே இல்ல." பிறகு, "என் பொண்டாட்டியா இருந்தா தோண்டறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன் நைனா" என்றான். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே, "சொல்வனான்னு மெய்யாலுமே தெர்ல" என்றான். காலையில் முதல் லாரியை வடக்கு முனைக்கு அனுப்பிவிடுவதாகவும், மரத்துப் பக்கம் வர நேரமாகும் என்றும் சொல்லி அனுப்பினான்.

விடிந்ததும் மதி தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, புது மல்துணி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த நாளில் அவள் முகம் இப்படித்தான் இருந்தது என்று ஜெகதீசனுக்குத் தோன்றியது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

கோட்டருகே பூவம்மா நின்றிருந்தாள். காசிமேட்டில் ஏலம் எடுத்து விற்கும், ஊர் வழக்கமெல்லாம் தன் பொறுப்பு என்று நினைக்கும் மனுஷி.

"அடியே, பொட்டச்சி வரக்கூடாதுடி தோண்டற எடத்துக்கு. அவன் எடுத்துகினு வருவான், நீ வூட்ல இரு."

"சொடுகாடே வூட்டாண்ட வந்துட்ச்சி அத்த. நான் எங்க போயி இருக்கறது?"

பூவம்மா ஒதுங்கி வழி விட்டாள்.

ஜெகதீசன் தோண்டினான். மேலே ஒரு சாண் அளவுக்குக் காய்ந்த மணலும் பால் பாக்கெட்டுகளும் அறுந்த வலைத் துண்டுகளும். அதற்குக் கீழே விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கோடு. எண்ணெய் வந்த வருஷத்துக் கோடு, மண்வெட்டியில் இன்னும் ஒட்டியது. அதற்கும் கீழே மாவு போல் சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு. காற்றிலும் கழிமுகத்திலுமாக வந்து படிந்த அனல்மின் நிலையத்துக் கரிச் சாம்பல். இடுப்பளவு இறங்கிய பிறகுதான் மணல் மணலாக வந்தது. பழுப்பு மஞ்சளாய், சிப்பித் துணுக்குகள் மின்ன, அவன் சின்ன வயதில் பார்த்த மணல். இங்கேதான் இருந்திருக்கிறது இவ்வளவு நாளும். அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அதில் டீசல் வாடை அடித்தது.

இன்னும் கொஞ்சம் தோண்டி நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஒண்ணுமில்ல மதி, கரைஞ்சிட்ச்சி. குரல் எப்படி வர வேண்டும் என்றுகூட யோசித்தான். அப்போது மண்வெட்டி எதிலோ பட்டது. கல்லில் பட்ட சத்தம் இல்லை.

மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மணலை விலக்கினான். முதலில் சிப்பி என்று நினைத்தான். மெல்லிசாய், குழிவாய், காது வைத்துக் கேட்கும் சங்கின் உள்பக்கம் போல் வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் விரல் தடிமன்கூட இல்லாத ஒன்று. இன்னொன்று. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது என்று பைத்தியம்போல் நம்பினான். லோகு நகர்ந்து வந்துவிட்டான், அம்மா தேடுகிறாளென்று வந்துவிட்டான் என்று நினைத்தான்.

பிறகு அந்தத் தகடு கையில் தட்டுப்பட்டது. கறுத்து, ஓரம் அரித்து, அரசிலை வடிவில், கட்டைவிரல் அளவுக்கு. அவன் அதைத் தேய்த்துப் பார்ப்பதற்குள் மேலிருந்து குனிந்த மதியின் கை அதை எடுத்துக்கொண்டது.

அரைமூடி. பெண் குழந்தைக்கு இடுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டுவது. இப்போதெல்லாம் யாரும் கட்டுவதில்லை. மதியின் அம்மா காலத்திலேயே அது போய்விட்டது.

"இது பொட்டப்புள்ள" என்றாள் மதி.

மணல் கலைந்திருக்கும், கடல் எல்லாவற்றையும் கலக்கிவிடும், பக்கத்தில்தான் லோகு இருப்பான், இன்னும் தோண்டுகிறேன். இதெல்லாம் அவன் நாக்கு நுனி வரை வந்தது. குழிக்குள் அவன் கழுத்து அவள் பாதத்துக்கு நேராக இருந்தது. அரைமூடியைப் பிடித்திருந்த அவள் விரல்களில், எண்ணெய் உரித்த இடத்தில் மட்டும் தோல் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"ஆமா" என்றான்.

"நம்ம புள்ள எங்க?"

அவன் தலையை மட்டும் கடல் பக்கம் திருப்பினான்.

"எப்பருந்து?"

"வர்தாவுலருந்து."

"நான் கேட்டேனே. அப்போவே…"

"அப்போவே மேட்டோட போயிட்டான் மதி."

வடக்கே லாரியின் பின்பக்கம் உயர்ந்து கற்கள் விழும் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்து குழியின் ஓரத்திலிருந்து மணல் சரிந்தது. மதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எண்ணெ வந்தப்போ நான் சொரண்டிகினு இருந்தேன். நீ பக்கத்துல குந்திகினு இருந்த."

"ஆமா."

"பக்கெட்ட நீதான புடிச்ச."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஒரு பிடி மணலை அள்ளி அவன் மேல் எறிந்தாள். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. மணல் அவன் தலையிலும் தோளிலும் விழுந்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பூவம்மா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தபோது அவள் தானாகவே நிறுத்தினாள்.

"மேல ஏறு" என்றாள் அவனிடம்.

அவன் ஏறினான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊறிய தண்ணீரைத் தொடாமல், தன் முந்தானையில் துடைத்து, மல்துணியில் வைத்தாள். மீன் ஆய்கிற வேகம் அவள் கைக்கு எப்போதும் உண்டு. இப்போது அந்தக் கை அவ்வளவு மெதுவாக நடந்தது.

"யார் புள்ளன்னே தெர்யாதுடி" என்றாள் பூவம்மா. குரலில் அதட்டல் இல்லை.

"இத்தக் கயட்டக்கூட மனசு வராம அனுப்பிகீறா ஒருத்தி. அவளும் தெருமுனையிலதான நின்னிருப்பா." மதி அரைமூடியையும் துணிக்குள் வைத்து முடிந்தாள்.

கஸ்பார் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். மதி குழியிலிருந்து அவனைப் பார்த்துக் கேட்டாள். "இன்னும் எத்தினி பேரு கீறாங்க தம்பி இதுக்கு அடியில?"

"தெர்லக்கா." அவன் சுண்ணாம்புக் கோட்டையும் கடலையும் பார்த்தான். "லாரிலருந்து நேரா கொட்டவுட மாட்டேன். வண்டில ஒவ்வொண்ணா புடிச்சி எறக்கி வெக்கிறேன். மெதுவா வெக்கிறேன்."

அவளை மேலே தூக்கிவிட ஜெகதீசன் கை நீட்டினான். அவள் பூவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி, அவனைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்த எடம்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"கடல்லயா?"

"கடல்லதான் நல்லா தெரியும்."

கடலில் போகிறவர்கள் இடத்தைத் தரையை வைத்து நினைவில் கொள்வதில்லை. மீன் கிடைத்த இடத்தை, கரையில் தெரியும் இரண்டு பொருட்கள் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் வருவதை வைத்துக் குறித்துக்கொள்வார்கள். அதுபோல் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் இடம். லோகுவை மண்ணில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜெகதீசன் பழக்கத்தில் அப்படித்தான் பார்த்திருந்தான். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய கம்பெனியின் புகைபோக்கி. ஐஸ் கம்பெனிக் கூரைக்கு மேலே கோயில் கோபுரம். ஒரு குச்சியை நட்டிருந்தால் அதுவும் தரையோடு போயிருக்கும். தரை போன பிறகும் கோடுகள் போகவில்லை. தொழிலுக்குப் போகும்போதும் வரும்போதும், அவன் எவ்வளவு மறக்க நினைத்தாலும், அந்த இரண்டும் அவன் கண்ணில் நேராக வந்து நின்றன. அந்த இடத்தில் அவன் பீடிகூடப் பற்றவைத்ததில்லை.

"இட்டுகினு போ" என்றாள்.

பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஜெகதீசன் பூவம்மாவைப் பார்த்தான். பூவம்மா சேலையைச் செருகிக்கொண்டு போய்ப் படகின் விளிம்பில் கை வைத்தாள். மறுபக்கம் கஸ்பார். மூன்று பேரும் தள்ளினார்கள். மதி மூட்டையோடு நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். தூண்டில் வளைவின் மறைவில் அலை அன்று தணிவாக இருந்தது. முதல் அலையில் முன்பக்கம் எழும்பியபோது, இருபது வருஷமாக மீன் விற்கும் அவள், படகில் எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் மூட்டையையே இறுக்கிக்கொண்டாள்.

ரொம்ப தூரம் இல்லை. அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான். அவன் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தான். வலது பக்கம் பார்த்தான், எதிரே பார்த்தான், துடுப்பைப் போட்டான், மறுபடி பார்த்தான். புகைபோக்கி மெல்ல நகர்ந்து தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்தது. கோபுரம் கூரையின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"இங்க."

அவள் தண்ணீரை எட்டிப் பார்த்தாள். கலங்கிய, பச்சையும் சாம்பலும் கலந்த தண்ணீர். அடி தெரியவில்லை. ஒரு கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் விட்டாள். வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்து, கரையைப் பார்த்தாள். கடலிலிருந்து அவள் கரையைப் பார்த்ததே இல்லை. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பொக்லைன் ஒரு பாறையைக் கவ்விக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தயங்குவதுபோல் கையைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் குப்பத்தின் முதல் வரிசை. நீலம் அடித்த சுவர். வாசலில், காலையில் அவள் துவைத்துப் போட்ட சௌமியாவின் பள்ளிக்கூடத் துப்பட்டா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"நம்ம வூட்டு வாசலு தெரியுது" என்றாள்.

"ஆமா."

"இம்மாங் கிட்டவா?"

அவள் மறுபடி அவனோடு எப்போது பேசுவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கை மடியிலிருந்த மூட்டையின் மேலும் இன்னொரு கை தண்ணீரிலுமாக அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்று சொல்லவில்லை. ஆடி மாதத்து நீரோட்டம் அடியிலிருந்து படகை வடக்கே தள்ளிக்கொண்டிருந்தது. புகைபோக்கி தொட்டியை விட்டு விலகி எட்டிப் பார்த்தது. ஜெகதீசன் துடுப்பை ஆழமாகப் போட்டு, படகைத் திருப்பி, அதே இடத்துக்குக் கொண்டுவந்தான். தண்ணீர் மறுபடி தள்ளியது. அவன் மறுபடி கொண்டுவந்தான்.